நாள் முழுக்க நிற்கிற பெண்களுக்கு யோகா: கால்வலியில் தொடங்கி உட்காரும் உரிமை வரை

துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை என்று எங்கே வேலை பார்த்தாலும் சரி, ராத்திரி ஷட்டர் இறங்கும்போது அந்தப் பெண்களின் உடம்பில் வலிக்காத இடம் அதிகம் மிஞ்சியிருக்காது. குதிகால், கெண்டைக்கால், இடுப்பு, தோள்பட்டை என்று எல்லாமே வலிக்கும். பாத்ரூம் போக விடமாட்டார்களே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்ததில் நீர்க்கடுப்பும் சேர்ந்துகொள்ளும். சில பேருக்கு முப்பது வயதுக்குள்ளேயே முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு நீலமாகத் தெரியும்.

இவர்களுக்கு யோகா நிச்சயம் உதவும். ஆனால் உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லாத கவுன்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "ராத்திரி காலைச் சுவத்துல தூக்கி வைங்கம்மா, சரியாயிடும்" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், மறுநாளும் பன்னிரண்டு மணி நேரம் நிற்க அவர்களைத் தயார்ப்படுத்தி அனுப்புகிறோம் என்றுதான் அர்த்தம். வலியைக் குறைப்பதும் வலியின் காரணத்தைக் கேட்பதும் ஒரே வகுப்பில் நடக்க முடியும், நடக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். சில வருடம் யோகா பயின்று, தன் தெருவில் ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்காக இது. கடை விடுதி அறையில் நான்கு தோழிகளோடு தாங்களாகவே தொடங்க நினைக்கும் பெண்களுக்கும் இது போதும்.

முதல் படி: நிற்பது உடம்பை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏற வேண்டுமானால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிய வேண்டும். நடக்கும்போது அது தானாக நடக்கிறது. ஒரே இடத்தில் நின்றால் நடப்பதில்லை. ரத்தம் காலிலேயே தேங்குகிறது, நாளங்கள் விரிகின்றன, அவற்றுக்குள் இருக்கும் வால்வுகள் நாளடைவில் சரியாக மூடாமல் போகின்றன. நரம்பு சுருண்டிருக்கிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த நாளங்களைத்தான். பாதத்தின் அடிச்சவ்வு இழுபட்டு, காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலிக்கும். இடுப்பின் கீழ்முதுகு நாள் முழுக்க உள்பக்கம் வளைந்தே நிற்கும்.

இவ்வளவும் உடம்பின் கணக்கு. இதற்குமேல் சூப்பர்வைசரின் பேச்சு இருக்கிறது, சுவரில் சாய்ந்ததை கேமராவில் பார்த்துப் போடும் ஃபைன் இருக்கிறது, இவ்வளவுக்கும் நடுவே வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தாக வேண்டியிருக்கிறது. எப்போது யார் திட்டுவார்களோ என்று இறுக்கமாகவே இருந்து பழகிய உடம்பு, வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் இறுக்கத்தை விடுவதில்லை. தாடை இறுகியிருக்கும், மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும், தூக்கம் வராது.

ஆகவே முதல் நாள் ஆசனம் வேண்டாம். கேளுங்கள். எத்தனை மணிக்கு நிற்க ஆரம்பிக்கிறீர்கள், சாப்பாட்டு நேரம் எவ்வளவு, பாத்ரூம் எந்த மாடியில், கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினீர்கள்? பதிலை எழுதி வையுங்கள். இந்தக் குறிப்பு கடைசிப் படி வரைக்கும் தேவைப்படும்.

இரண்டாம் படி: எல்லோரும் வரக்கூடிய இடமும் நேரமும்

ஏசி போட்ட ஸ்டுடியோவில் மாதம் இரண்டாயிரம் ரூபாய் வாங்கும் வகுப்புக்கு இவர்கள் வரமாட்டார்கள். மொட்டை மாடி, மாநகராட்சிப் பள்ளி அறை, சங்க அலுவலகம், விடுதியின் பொது அறை இதில் எது கிடைத்தாலும் போதும். கடை திறப்பதற்கு முன் 40 நிமிடம், அல்லது வார விடுமுறை நாளில் ஒரு மணி நேரம். ராத்திரி பத்து மணிக்கு மேல் வேலை முடித்து வருகிறவளை வகுப்புக்கு அழைக்காதீர்கள், அவளுக்கு அப்போது தேவை தூக்கம்.

விரிப்புக்கு கோரைப்பாயோ இரண்டாக மடித்த போர்வையோ போதும். சுடிதார், நைட்டி எதுவானாலும் சரி. கட்டணம் இலவசமாக இருக்கலாம், அல்லது முடிந்தவர்கள் முடிந்ததை ஒரு டப்பாவில் போடலாம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் பார்க்கக் கூடாது.

சாதியைப் பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டும். கூட்டிப் பெருக்குவதும் பாயைச் சுருட்டுவதும் தண்ணீர்க் குடம் நிரப்புவதும் முறைவைத்து எல்லோர் பங்கிலும் வரட்டும், சொல்லிக்கொடுப்பவர் உட்பட. எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று சுற்றிவளைத்துச் சாதி விசாரிக்கும் பேச்சை முதல் வாரமே நிறுத்திவிடுங்கள். எல்லோரும் ஒரே தம்ளரில் தூக்கிக் குடிக்கட்டும். ஓங்காரமோ ஸ்லோகமோ சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்றும் வைக்காதீர்கள். பர்தா அணிந்து வரும் தங்கையும் சிலுவைச் சங்கிலி போட்ட அக்காவும் எதையும் விட்டுக்கொடுக்காமல் உள்ளே வர வேண்டும். அமைதியாக ஒரு நிமிடம் உட்கார்ந்து தொடங்கினால் போதும்.

யோகாவில் இதற்கு இடமில்லை என்று யாராவது சொன்னால், திருமந்திரத்தை எடுத்துக் காட்டுங்கள். மூன்றாம் தந்திரத்தில் இயமம் நியமம் தொடங்கி சமாதி வரை எட்டு அங்கங்களையும் விரித்துப் பாடிய அதே திருமூலர்தான் "ஒன்றே குலமும்" என்றும் பாடினார்.

மூன்றாம் படி: பயமில்லாத வகுப்பு

இந்த வழிகாட்டியில் எதை விட்டாலும் இந்தப் படியை விடாதீர்கள். வகுப்புக்கு வரும் பெண்களில் சிலர் வீட்டில் அடி வாங்கியவர்களாக இருப்பார்கள். சிலருக்குக் கடையிலேயே தொல்லை நடந்திருக்கும். யார் என்று உங்களுக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. எல்லோருக்கும் நடந்திருக்கலாம் என்று எண்ணி வகுப்பை அமையுங்கள்.

அமெரிக்காவில் பாஸ்டன் வட்டாரத்தில் மனநல மருத்துவர் பெஸல் வான் டெர் கோல்க் குழு 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பழைய வன்முறையின் பாதிப்பால் வரும் பி.டி.எஸ்.டி. என்ற மனநோயில் நெடுங்காலம் அவதிப்பட்ட, வேறு சிகிச்சையில் குணம் காணாத 64 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு மணி நேரம் வீதம் 10 வாரம் யோகா, இன்னொரு குழுவுக்குப் பெண்கள் உடல்நலம் பற்றிய வகுப்பு. முடிவில் யோகா குழுவின் 31 பேரில் 16 பேருக்கு அந்த நோய்க்கான அளவுகோல் பொருந்தவில்லை. மற்ற குழுவில் 29 பேரில் 6 பேருக்குத்தான் அப்படி. சின்ன ஆய்வுதான், எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அங்கே எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது நமக்குப் பாடம். கட்டளை கிடையாது. எது செய்வது, எவ்வளவு செய்வது, எப்போது நிறுத்துவது எல்லாமே அந்தப் பெண்ணின் தீர்மானம்.

அதை நம் வகுப்பில் இப்படிக் கொண்டுவரலாம். "கையைத் தூக்கு" என்பதற்குப் பதில் "கையைத் தூக்கிப் பாக்கலாம், வேணாம்னா மடியிலேயே இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். நாள் முழுக்க ஏவலுக்கு ஆடிய உடம்புக்கு, இங்கேயாவது தன் இஷ்டம் என்று ஒன்று இருக்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். கண்ணை மூடியதும் பழைய நினைவு வந்து மோதுகிறவர்கள் உண்டு, அவர்கள் தரையில் ஒரு புள்ளியைப் பார்க்கட்டும். கதவு எல்லோர் கண்ணிலும் படும்படி உட்காருங்கள். படுத்திருப்பவர்களின் தலைமாட்டில் நடக்காதீர்கள், விளக்கை முழுவதும் அணைக்காதீர்கள்.

தொடவே தொடாதீர்கள். நிலையைத் திருத்துகிறேன் என்று இடுப்பில் கை வைப்பது யோகா வகுப்புகளில் சர்வசாதாரணம். ஆசான் என்ற மரியாதையை வைத்துக்கொண்டு தப்பாகத் தொட்டவர்கள் மேல் உலகம் முழுக்கப் புகார்கள் எழுந்திருக்கின்றன, பெரிய பெயர்கள் மேலும் எழுந்திருக்கின்றன. நீங்களே செய்து காட்டுங்கள், வாயால் சொல்லுங்கள், அது போதும்.

நடுவில் யாராவது அழுதால் வகுப்பை நிறுத்தி எல்லோரையும் அவளைப் பார்க்க வைக்காதீர்கள். "பாதம் தரையில படுறத கவனிங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, முடிந்ததும் தனியாகத் தண்ணீர் கொடுத்து உட்காருங்கள். அவளே சொன்னால் கேளுங்கள். அறிவுரை வேண்டாம். தூக்கமின்மையும் பதற்றமும் தொடர்ந்தால் டெலி மானஸ் 14416 என்ற அரசின் மனநல எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். வீட்டிலோ வேலையிடத்திலோ வன்முறை என்றால் 181. இரண்டு எண்ணையும் எழுதி எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி சுவரில் ஒட்டிவிடுங்கள், யாரும் கேட்டு வாங்க வேண்டியிருக்கக் கூடாது.

நான்காம் படி: 40 நிமிடப் பயிற்சி

யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் மைசூரிலிருந்து சென்னைக்கு வந்து கடைசிக் காலம் வரை இங்கேயே சொல்லிக்கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். அவர்கள் வழியில் வந்த ஒரு நல்ல விஷயம், ஆசனத்துக்கு ஆளை வளைக்காமல் ஆளுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றுவது. நாள் முழுக்க நின்றவளுக்கு, காலை அகட்டி நின்று செய்யும் வீரபத்ராசனத்தில் தொடங்காதீர்கள். முக்கால்வாசிப் பயிற்சி படுத்தும் உட்கார்ந்தும்தான் நடக்க வேண்டும்.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். படுக்க மனமில்லாதவள் சுவரில் சாய்ந்து உட்காரட்டும். ஒரு கை வயிற்றில். மூச்சை இழுக்க மெனக்கெட வேண்டாம், விடும் மூச்சு மட்டும் கொஞ்சம் நீளட்டும். நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. எண்ணுவது பதற்றம் தந்தால் எண்ணிக்கையை விட்டுவிடலாம். விடும் மூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணிகிறது, இறுக்கத்திலிருந்து உடம்பு இறங்க ஆரம்பிக்கிறது. மூச்சை அடக்கிப் பிடிக்கும் பயிற்சியும், மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் இந்த வகுப்புக்கு வேண்டாம். கர்ப்பிணிக்கும் ரத்த அழுத்தம் உள்ளவருக்கும் ஆகாது, பயத்தில் மூச்சு முட்டிப் பழகியவர்களுக்கு அந்தப் பயத்தையே திரும்பக் கொண்டுவந்துவிடும்.

அடுத்தது அபானாசனம். இரண்டு முழங்காலையும் கையால் பிடித்து, மூச்சை விடும்போது வயிற்றை நோக்கி இழுத்து, மூச்சு உள்ளே வரும்போது தள்ளிவிட வேண்டும். எட்டு முறை செய்தால் நாள் முழுக்க உள்வளைந்த கீழ்முதுகு விரியும். பிறகு துவிபாத பீடம்: பாதத்தை ஊன்றி, மூச்சோடு இடுப்பை மெல்லத் தூக்கி, மூச்சோடு இறக்க வேண்டும், ஆறு முறை. தூக்கி நிறுத்திப் போட்டி போட வேண்டாம். மாதவிலக்கில் வலி அதிகம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதை விட்டுவிடலாம். கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்கே வர வேண்டும், வந்தாலும் நாலாம் மாதத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுக்க வேண்டாம்.

முட்டி போட்டுக் கையை ஊன்றி, மூச்சு வெளியே போகும்போது முதுகைக் கூனாக்கி, உள்ளே வரும்போது நெஞ்சை நிமிர்த்துவதை ஆறேழு முறை செய்யலாம். முழங்கால் வலிக்கிறவள் கீழே போர்வையை மடித்துப் போடட்டும், இல்லையென்றால் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம்.

இப்போது காலுக்கு. உட்கார்ந்து காலை நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி மடக்கியும் முன்னால் நீட்டியும் 20 முறை. கணுக்காலை இரண்டு பக்கமும் சுழற்ற வேண்டும். கால்விரல்களுக்கு நடுவே கைவிரல்களைக் கோத்து விரிக்கச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லோரும் சிரிப்பார்கள், வலியும் இருக்கும். தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டிலைத் தரையில் போட்டு உள்ளங்காலால் உருட்டினால் குதிகால் வலி குறையும். அப்புறம் ஒரே ஒரு நின்ற நிலை: சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, 15 முறை. ரத்தத்தை மேலே தள்ளும் கெண்டைக்கால் தசை இதனால்தான் பலப்படும்.

கடைசியாகச் சுவரில் காலைத் தூக்கி வைப்பது. அதைவிட முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியை நாற்காலியில் வைத்துப் படுப்பது நல்லது, தொடை இழுபடாது, பாவாடை நைட்டி விலகுமே என்ற கூச்சமும் இருக்காது. ஐந்து முதல் பத்து நிமிடம். கண்ணில் நீரழுத்தம் உள்ளவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சுவரில் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுத்து ஓய்வெடுத்து, கையை ஊன்றி எழுந்தால் பயிற்சி முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, கெண்டைக்காலில் வலியோடு இருந்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். தேய்க்கக் கூடாது, பயிற்சியும் கூடாது, அன்றைக்கே ஜி.எச். போக வேண்டும். கணுக்கால் அருகே ஆறாத புண், காய்ச்சலோடு நீர்க்கடுப்பு, இவையும் டாக்டர் பார்க்க வேண்டியவை. யோகா எல்லாவற்றையும் குணமாக்கும் என்று எந்த வகுப்பிலும் சொல்லாதீர்கள்.

ஐந்தாம் படி: கவுன்ட்டரிலேயே செய்வது

அரைமணிக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கி இறக்குதல், 15 முறை, யாருக்கும் தெரியாது. ஒரு பலகையோ அட்டைப்பெட்டியோ கிடைத்தால் ஒரு காலை மாற்றி மாற்றி அதன்மேல் வைத்தால் இடுப்பு தப்பிக்கும். துணி மடிக்கும்போது ஆறு நீண்ட மூச்சு. தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

ஆறாம் படி: பயிற்சி முடிந்ததும் பேச்சு

பாயைச் சுருட்டும் முன் வட்டமாக உட்கார்ந்து பத்து நிமிடம் பேசுங்கள். பதஞ்சலியின் யோக சூத்திரம் எட்டு அங்கங்களைச் சொல்லும்போது ஆசனத்தை மூன்றாவதாகத்தான் வைக்கிறது. முதலாவதாக வருவது இயமம்: துன்புறுத்தாமை, வாய்மை, திருடாமை, பிரம்மச்சரியம், தேவைக்கு மேல் சேர்க்காமை. பிறப்பு, இடம், காலம், சூழல் எதுவும் இந்த ஐந்தையும் கட்டுப்படுத்தாது என்று அடுத்த சூத்திரமே சொல்கிறது. பெரும்பாலான வகுப்புகள் இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. எனக்கு இதுதான் யோகாவின் அஸ்திவாரம்.

வாரம் ஒன்றை எடுத்துப் பேசுங்கள். துன்புறுத்தாமை என்றால், நம் உடம்பை நாமே துன்புறுத்துவது எப்படி, நம்மைத் துன்புறுத்துகிறவர்கள் யார்? திருடாமை என்றால், கூடுதலாக வாங்கப்படும் இரண்டு மணி நேரத்துக்குச் சம்பளம் வருகிறதா? நீங்கள் சொற்பொழிவு ஆற்ற வேண்டாம். கேள்வியைப் போட்டுவிட்டு அமைதியாக இருங்கள். "எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன்" என்று ஒருத்தி சொல்லி, பக்கத்தில் இருப்பவள் "எனக்கும் அப்படித்தான்க்கா" என்று தன் காலைக் காட்டினால், பேச்சு அதன்பிறகு தானாக நடக்கும்.

1955-ல் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் பிற்காலத்தில் யோகா செய்தவர். 1973-ல் அவர் யோகா செய்யும் படம் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. இதைச் சொன்னால் இந்தப் பெண்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

ஏழாம் படி: ஸ்டூலைக் கேட்பது

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண், கடைப் பெண்களைத் திரட்டிப் பெண்கூட்டு என்ற அமைப்பை உருவாக்கினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்காரும் உரிமை. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ள முடிய வேண்டும் என்பது அதன் சாரம். ஸ்டூலை குடோனில் அடுக்கிவைத்துவிட்டு இருக்கிறது என்று சொல்வது இதற்குப் பொருந்தாது. அதே 1947-ஆம் வருடச் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுக்கிறது. கூடுதல் வேலை சேர்ந்தாலும் நாளுக்கு 10 மணியைத் தாண்டக் கூடாது, அதற்கு இரட்டிப்புச் சம்பளம். தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதென்றால் நடுவே ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும்.

இந்தப் பகுதியை வகுப்பில் உரக்கப் படியுங்கள். பிறகு முதல் நாள் எழுதிய குறிப்பை எடுங்கள். எந்த மாடியில் எத்தனை பேர், எத்தனை ஸ்டூல், எந்த நேரத்தில் கூட்டமில்லை, உட்கார்ந்ததற்கு யாருக்காவது ஃபைன் விழுந்ததா என்று இரண்டு வாரம் குறித்து வாருங்கள். பெயர் எழுத வேண்டாம். அந்தத் தாள் தவறான கைக்குப் போனால் ஒருத்தியின் வேலை போய்விடும்.

கேட்பதா வேண்டாமா, எப்போது கேட்பது என்பதை அந்தப் பெண்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்களும் கடை விடுதியிலேயே தங்கியிருப்பவர்களும் வேலையோடு தங்குமிடத்தையும் சேர்த்தே இழப்பார்கள். சம்பளத்துக்குப் பயமில்லாத நீங்கள் அவர்களை முன்னால் தள்ளக் கூடாது. கேட்பதென்று முடிவானால் ஒருத்தியாகப் போக வேண்டாம், ஒரு செக்‌ஷன் முழுக்கச் சேர்ந்து போகட்டும். மேனேஜரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் தரலாம். அதைத் தொழிற்சங்கத்தின் பெயரில் தந்தால் தனி ஆள் மேல் கை வைப்பது கடினம். பாலியல் தொல்லை தருகிறவர் பற்றிய புகாராக இருந்தால், 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடையில் 2013-ஆம் வருடச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சின்னக் கடை என்றால் மாவட்ட அளவில் குழு இருக்கிறது.

எட்டாம் படி: வகுப்பை அவர்களிடமே விடுவது

இரண்டாம் மாதத்திலிருந்தே ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பகுதியை அவர்களில் ஒருத்தி நடத்தட்டும். முதலில் கால் பயிற்சி, பிறகு மூச்சு, பிறகு வட்டப் பேச்சு. பயிற்சியின் வரிசையையும் யாருக்கு எது ஆகாது என்பதையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். ஆறு மாதத்தில் குறைந்தது இரண்டு பேராவது முழு வகுப்பையும் தாங்களாக நடத்தத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். ஒருத்தி வேலை மாறிப் போனால் இன்னொருத்தி இருப்பாள். போனவள் புதுக் கடையில் அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பாள். அவளுக்கு இன்னொரு நகலும் 22-ஏ பிரிவின் அச்சுப் பிரதியும் கொடுத்து அனுப்புங்கள்.